காலர் வைக்கும் இடம்

2004இல் பெங்களூரின் பொம்மனஹள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்து விற்கிற கடை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு ஓசூர் தாண்டி வந்த பையன்களுக்கு அப்போது இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, எலக்ட்ரானிக் சிட்டியில் ஏதாவது கம்பெனியில் ஒப்பந்த வேலை. இன்னொன்று, இந்த மாதிரிக் கடை. பேகூர் ரோடு ஓசூர் ரோட்டில் வந்து முட்டும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, கீழே பேக்கரி, மாடியில் நாங்கள்.

படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கிகாஹெர்ட்ஸ்?” ரேமும் ஹார்டு டிஸ்க்கும் பிறகுதான். முதலாளி கம்ப்யூட்டர் சந்தையான எஸ்.பி. ரோட்டிலிருந்து கொண்டுவரும் விலைப்பட்டியலும் அப்படியே இருக்கும். 2.4, 2.66, 2.8, 3.0 என்று எண் ஏற ஏற ரூபாயும் ஏறும். எண் பெரிதானால் வேகமும் பெரிது. விற்கிறவன் விளக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த மாதிரி ஒரு சுகம் பிறகு வாய்க்கவே இல்லை.

அதற்கு முடிவு வந்தது அதே வருடம்தான், எங்கள் மாடிக்குச் சேதி வராமலே. 2004 பிப்ரவரியில் இன்டெல் நிறுவனம் பிரெஸ்காட் என்ற பென்டியம் 4-ஐ இறக்கியது. 90 நானோமீட்டர் சில்லு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் இறக்கலாம், ஆகவே அதே பரப்பில் கூடுதலாக அடைத்தாலும் சூடு ஏறாது என்பது ஐபிஎம்மில் ராபர்ட் டெனார்டும் கூட்டாளிகளும் 1974இல் போட்டுக் கொடுத்த கணக்கு. முப்பது வருடம் பொய்க்காத கணக்கு இந்த அளவில் வந்து முட்டிக்கொண்டது. அணைந்து கிடக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்சாரம் கசிந்தது. மின்னழுத்தத்தை மேலும் இறக்கப் பார்த்தால் கசிவு மேலும் கூடியது. பிரெஸ்காட்டின் பெரிய மாடல்கள் 115 வாட் வரை சூட்டை வெளியே தள்ளின. மே மாதம், அடுத்து வரவேண்டிய டேஜாஸ் என்ற சில்லை இன்டெல் கைவிட்டது. அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வராது என்று அறிவித்தது. அதன் தலைவர் கிரெய்க் பேரட், அமெரிக்காவில் ஒரு மாநாட்டு மேடையில் அதற்காக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி விளையாட்டில்லை.

சூடு என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஓசூர் ரோடுதான். சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டினார்கள். 2010 ஜனவரியில் திறப்பதற்குள் சாலையோரத்துக் கடைக்காரர்கள் தின்ற சிமென்டுத் தூசிக்குக் கணக்கில்லை. அதோடு அந்த வட்டாரம் முழுக்கக் கார்மென்ட் ஃபேக்டரிகள். அங்கிருந்து ரிப்பேருக்கு வரும் பெட்டியைத் திறந்தால், ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் துணிப் பிசிறும் தூசியும் சேர்ந்து, கத்தரித்து எடுக்கலாம் போல ஒரு பாய் விரித்திருக்கும். மேலே காற்றாடி கூவிக்கொண்டு சுற்றும், கீழே ஒரு மூச்சுக் காற்று இறங்காது. பெயின்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தாலும் ராத்திரி வரை தும்மல் நிற்காது. பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்து, புதுசை ஒரு கடுகளவு வைத்து, ஹீட் சிங்க்கைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். அந்தக் காலத்து 775 சாக்கெட் கூலருக்கு நாலு மூலையிலும் பிளாஸ்டிக் கால்கள். எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வந்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று கால் இறங்கி ஒன்று இறங்காமல் நின்றால், விண்டோஸ் திறக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். வாடிக்கையாளர் பணத்தை எண்ணி மேசையில் வைக்கும்போது அணைந்துபோகும்.

2005 மே மாதம் பென்டியம் டி வந்தது. ஒரே சில்லில் இரண்டு கோர், அதாவது கணக்குப் போடும் மூளை இரண்டு. அதே மாதக் கடைசியில் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2. உலகத்துக்கு இது புதிதல்ல, ஐபிஎம் தன் பெரிய சர்வர்களுக்கான பவர்4-இல் 2001-லேயே இரண்டு கோர் வைத்துவிட்டது. மேசைக்கு வந்ததுதான் புதிது. இரண்டில் ஏஎம்டியின் கட்டுமானம் சுத்தமானது. இரண்டு கோரும் சில்லுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பென்டியம் டி-யிலோ ஒரு கோர் பக்கத்துக் கோரிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் சில்லை விட்டு வெளியே போய், மதர்போர்டின் பஸ் வழியாகச் சுற்றித் திரும்ப வேண்டும். பெரிய மாடலின் சூடு 130 வாட். எங்கள் கடையில் என்னவோ பென்டியம் என்ற பெயர்தான் ஓடியது. ஏஎம்டி என்றால், “அது சூடாகுமே தம்பி” என்பார்கள். அந்த வருடத்தில் அதைவிடத் தலைகீழான பேச்சு இருக்க முடியாது.

“ரெண்டு கோர் இருக்குன்னு எப்படி நம்புறது?” என்று கேட்பவர்களுக்கு டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுவோம். சி.பி.யூ. வரைபடம் இரண்டு கட்டமாகத் தெரியும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஹைப்பர் திரெடிங் உள்ள பழைய பென்டியம் 4-இலும் அங்கே இரண்டு கட்டம்தான் தெரியும். இருப்பது ஒரே கோர். விண்டோஸுக்கு அது தன்னை இரண்டு என்று சொல்லிக்கொள்ளும். “என் பழைய மெஷின்லயே ரெண்டு இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?” என்று எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களைத் தடுக்க எனக்குச் சரக்கு போதவில்லை.

சரக்கு கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் ஒண்டுக்குடித்தனம் இருந்த மதுரைக்காரர். சில்லு வடிவமைப்பில் வேலை. வெரிஃபிகேஷன் என்பார், அதற்கு மேல் ஒரு சொல் வராது. மவுஸ் வாங்க வந்தவர், நான் யாரிடமோ திணறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கினார். வேகத்தை 20 சதவீதம் ஏற்ற வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் அதே அளவு ஏற்ற வேண்டிவரும். மின்சாரச் செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வேகத்தைப் பெருக்கியது. ஆக 1.2-ஐ மூன்று முறை பெருக்கு, 1.728. வேகம் 20 சதவீதம் கூடுகிறது, சூடு 73 சதவீதம் கூடுகிறது. இப்போது கீழே இறங்கு. 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. வேகத்தில் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் சூடு பாதியாகிவிடுகிறது. அதே சூட்டுக்கு இன்னொரு கோரைப் பக்கத்தில் வைக்கலாம். இரண்டும் சேர்ந்து 1.6 பங்கு வேலை செய்யும். “ஆசைப்பட்டு ரெண்டு வைக்கலைங்க, ஒண்ணை மேல ஏத்த முடியலை, அதனால வெச்சாங்க” என்றார். தோராயக் கணக்குதான், ஆனால் அந்தக் காகிதத்தைக் கிழித்து கல்லாப்பெட்டிக்குள் ஒட்டி வைத்தேன்.

கடைசியில் அவர் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் அப்போது கோட்டை விட்டேன். “வேலையைப் பிரிக்க முடிஞ்சா மட்டும்.”

2006 ஜூலை 27 அன்று கோர் 2 டியோ வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில், மடிக்கணினிச் சில்லு செய்துவந்த குழுவின் வழியில் பிறந்தது. 65 வாட். 1.86 கிகாஹெர்ட்ஸ் மாடல், 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய பழைய பென்டியமை அநாயாசமாக முந்தியது. தொழில்நுட்பத்துக்கு நல்ல நாள், எங்கள் விலைப்பட்டியலுக்குக் கெட்ட நாள். “போன வருஷம் மூணு சொன்னே, இப்ப ஒண்ணே முக்கால்னு சொல்றே, விலை மட்டும் ஜாஸ்தியா?” என்ற சண்டையை நாள்தோறும் கேட்டோம். கிகாஹெர்ட்ஸைக் கைவிட்டு வேறு எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம். கோர் எண்ணிக்கை கையருகே இருந்தது. 2007இல் கியூ6600 வந்தபோது, இரண்டு கோர் சில்லு இரண்டை ஒரே மூடிக்குள் வைத்து நாலு என்றார்கள். நாங்களும் நாலு, நாலு என்று விற்றோம்.

விற்றதெல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர் ஒருவர். டிவிடிக்கு ரெண்டர் போட்டால் ராத்திரி முழுக்க ஓடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. முகூர்த்த மாதங்களில் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். நாலு கோர் போட்டுக் கொடுத்தேன். டாஸ்க் மேனேஜரில் நாலு கட்டமும் உச்சியைத் தொட்டு நின்றதைப் பார்த்து, எதிரே இருந்த கடையில் எனக்கு மசாலா தோசை வாங்கிக் கொடுத்தார். அதே வாரம் அதே மாதிரி மெஷினை ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கும் கொடுத்தேன். அவர்களுடைய கணக்கு மென்பொருளில் வருடாந்திர அறிக்கையை எடுக்கச் சொன்னால் ஒரு கட்டம் மட்டும் மேலே போகும், மற்ற மூன்றும் தரையில் படுத்திருக்கும். 2008 தொடக்கத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஈ8400 என்ற இரண்டு கோர் சில்லு வந்திருந்தது. அதை மாட்டிய பக்கத்து அலுவலகத்து மெஷின், 2.4-இல் ஓடிய இவர்களுடைய நாலு கோரைவிடச் சீக்கிரம் அறிக்கையைத் தந்தது. ஆடிட்டர் என்னை ஏமாற்றுக்காரன் என்று நேராகச் சொல்லவில்லை. “நாலுக்கு ரெண்டு ஜெயிக்குதே, எந்த ஊர் கணக்குப்பா இது?” என்று மட்டும் கேட்டார்.

எந்த ஊர்க் கணக்கு என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியின் லைன் சூப்பர்வைசர் அக்கா. தர்மபுரிக்காரர். மகள் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தாள், அவளுக்கு மெஷின் வாங்க ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். பொம்மனஹள்ளியில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஓசூர் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்களின் கூட்டம் தெரியும். பி.எஃப். பணத்தை எடுக்கும் விதியை மத்திய அரசு மாற்றியதை எதிர்த்து, 2016 ஏப்ரலில் இந்தச் சாலையையே மறித்து அந்த விதியைத் திரும்பப் பெற வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அது தனிக் கதை. நாலு கோர் பற்றி நான் பாடிய பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு அக்கா கேட்டார்: “நாலு இருந்தா நாலு மடங்கு சீக்கிரம் ஆகுமா தம்பி?”

“கிட்டத்தட்ட ஆகும்கா.”

“அது எப்படிப்பா ஆகும்? எங்க லைன்ல ஆகலையே” என்றார்.

பிறகு கல்லா மேசையில் இருந்த ஸ்க்ரூ டப்பாக்களை நகர்த்தி வைத்துக் காட்டினார். சட்டையில் காலர் ஒரு பக்கம் தைப்பார்கள், கஃப் ஒரு பக்கம், முன்பாகம், முதுகு, கை எல்லாம் தனித்தனியாக ஒரே நேரத்தில் ஓடும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அசெம்பிளிக்கு வந்தால், தோள் சேர்த்த சட்டையில் காலரை வைத்துத் தைப்பவள் ஒருத்தி. அவள் காலர் வைத்தால்தான் அடுத்தவள் கையில் எடுக்கலாம். “காலர் தைக்கிற இடத்துல இன்னும் நாலு பேரைப் போடு. பீஸ் கூடாது. காலர் வைக்கிறவ காலடியில பண்டில்தான் குவியும். மேனேஜர் வந்து என்னைத் திட்டுவான்.”

“காலர் வைக்கிற இடத்துலயும் ரெண்டு பேரைப் போட்டா?”

“போடலாம். சாயங்காலம் எண்ணும்போது சட்டை ஜாஸ்தி இருக்கும். ஆனா ஒரே சட்டைக்கு ரெண்டு பேர் காலர் வைக்க முடியுமா?”

ஐபிஎம்மில் இருந்த ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது இதைத்தான். ஒரு வேலைக்கு 10 மணி நேரம் ஆகிறது, அதில் 1 மணி நேரத்து வேலையைப் பிரிக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். நாலு கோர் போட்டால் பிரிக்க முடிந்த 9 மணி நேரம் இரண்டே கால் ஆகும், பிரிக்க முடியாத 1 அப்படியே நிற்கும். மொத்தம் மூன்றே கால் மணி. ஆயிரம் கோர் போட்டாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கீழே இறங்காது. ஆம்டால் பெயரை நான் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். ஆடிட்டரின் அறிக்கை ஒரே சட்டை. ஒவ்வொரு வரியின் இருப்பும் முந்தைய வரியின் இருப்பைப் பார்த்துத்தான் வரும், அந்த மென்பொருளை எழுதியவர்களும் ஒரு கோரை மனதில் வைத்தே எழுதியிருந்தார்கள். கல்யாண வீடியோவோ துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடக்கூடியது, ஆயிரம் சட்டை. அன்றைக்கு அக்காவுக்கு நாலு கோர் விற்கவில்லை. மகளுக்கு இரண்டு கோர் மெஷின், மிச்சப் பணத்துக்கு நல்ல மானிட்டர், ஒரு யூ.பி.எஸ். அந்த வியாபாரத்தில் லாபம் குறைந்ததற்கு முதலாளி முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது வேறு விஷயம்.

ஆயிரம் சட்டை வேலை மேசையில் குறைவு, சர்வரில் ஏராளம். அந்த வேலைக்கான சில்லு ஒன்று எங்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளியே உருவானது என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. இன்டெலின் பெங்களூரு மையத்தில் முதலில் ஒரு நாலு கோர் சர்வர் சில்லு செய்துகொண்டிருந்தார்கள். அதன் குறிப்பெயர் வைட்ஃபீல்டு, பெங்களூருக்காரனுக்குப் பழகிய பெயர். 2005 அக்டோபரில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு டைகர்டன் என்ற வேறொன்றை அந்த இடத்தில் வைத்தார்கள். அதற்குப் பின் அதே மையம் எடுத்துக்கொண்டதுதான் டன்னிங்டன். 2008 செப்டம்பர் 15 அன்று ஜியான் 7400 என்ற பெயரில் வெளியானது. 45 நானோமீட்டர், ஒரே சில்லில் ஆறு கோர், 190 கோடி டிரான்சிஸ்டர். இரண்டிரண்டு கோருக்கு ஒரு இரண்டாம் நிலை கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), ஆறுக்கும் பொதுவாக 16 எம்பி மூன்றாம் நிலை கேஷ். பென்டியம் டி-யைப் போலப் பக்கத்துக் கோரிடம் பேச வெளியே ஓட வேண்டாம், அந்தப் பொதுக் கேஷிலேயே தேவையானது கிடைத்துவிடும். முழுக்க இந்தியாவில் வடிவமைத்த முதல் எக்ஸ்86 புராசஸர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு பலகையில் நாலு சில்லு மாட்டினால் 24 கோர்.

மதுரைக்காரர் அந்த வாரம் கடைக்கு வந்தார். செய்தித்தாளை மேசையில் விரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். “இதுலதான் இருந்தீங்களா சார்?” என்றேன். சிரித்தார். அதைப் பார்க்கவாவது முடியுமா என்று கேட்டேன், நம் கடையில் அதை மாட்ட போர்டு கிடையாது என்றார். உண்மை. எங்கள் மாடியில் அப்போது கிடைத்த உச்சம் நாலு.

நாலையும் விலை கொடுத்து வாங்காமல் பெறும் வித்தை அடுத்த வருடம் பரவியது. 2009 ஜூனில் ஏஎம்டி ஃபெனாம் II எக்ஸ்2 550 விற்பனைக்கு வந்தது. இரண்டு கோர் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே இருப்பது நாலு கோர் சில்லு. தயாரிப்பில் ஒன்றோ இரண்டோ கோர் பழுதாகிப்போன நாலு கோர் சில்லை வீணாக்காமல், அவற்றை அணைத்துவிட்டு மலிவாக விற்பது இந்தத் தொழிலின் வழக்கம். கிராக்கி கூடும்போது நல்ல கோரையும் அணைத்து விற்கத்தான் வேண்டியிருக்கும். சில மதர்போர்டுகளின் பயாஸில் ஏசிசி என்ற ஒரு வரியை மாற்றினால் அந்தக் கோர்கள் விழித்துக்கொள்ளும் என்று பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹொங்கசந்திராவிலும் மடிவாளாவிலும் பி.ஜி.களில் தங்கியிருந்த கல்லூரிப் பிள்ளைகள் எஸ்.பி. ரோட்டில் அந்தச் சில்லைத் தேடி அலைந்தார்கள். சிலருக்கு நாலும் வந்தது. சிலருக்கு மூன்று வந்தது. சிலருக்கு விண்டோஸ் திறக்கும்போது நீலத் திரை. ஒருவன் தனக்கு வந்த மூன்றோடு நிற்காமல் நாலாவதற்காக விடியவிடிய மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்த்து, காலையில் எதுவுமே வராத மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறினான். “அண்ணா, வாரன்டி இருக்குல்ல?” இருந்தது. அதில் இது எழுதியிருக்கவில்லை. அவனுக்குப் பழைய சில்லு ஒன்றைக் கடனாக மாட்டி அனுப்பினேன், பரீட்சை நேரம்.

அப்புறம் ஒரு நீண்ட உறக்கம். இன்டெலின் சாதாரண மேசைச் சில்லுகளில் உச்ச எண் 2007இலும் நாலு, 2017 நடுவிலும் நாலு. ஆறு, எட்டு எல்லாம் இருந்தன. விலை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எட்டவில்லை, எட்டியவற்றில் வேகம் பத்தவில்லை. போட்டியில்லாத இடத்தில் யார் எண்ணை ஏற்றுவார்கள்? 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் எட்டுக் கோரை நடுத்தர விலைக்குக் கொடுத்தபோதுதான் உறக்கம் கலைந்தது. அதே வருடம் அக்டோபரில் இன்டெல் ஆறுக்கு ஏறியது. 2019 நவம்பரில் சாதாரண மதர்போர்டில் மாட்டக்கூடிய 16 கோர் வந்துவிட்டது. பத்து வருடம் நகராத எண் இரண்டரை வருடத்தில் நாலு மடங்கானது. அதற்குப் புது அறிவியல் என்று பெரிதாக ஒன்றும் காரணமில்லை, எதிரே ஒருவன் கடை போட்டான் என்பதுதான். அந்த ஏஎம்டியின் உலகிலேயே பெரிய வடிவமைப்பு வளாகம் இப்போது பெங்களூரில் இருக்கிறது, 2023 நவம்பரில் திறந்தார்கள்.

எனக்கும் அதற்குள் சொந்தமாக ஒரு கடை, பழைய இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில். கல்யாண வீடியோக்காரர் இன்னும் வருகிறார். 16 கோர் வாங்கிக்கொண்டு போனவர் மறுவாரமே போன் செய்தார். ரெண்டர் பறக்கிறது, ஆனால் எடிட் செய்யும்போது திரையில் படம் ஏன் விக்கி விக்கி ஓடுகிறது என்று கேட்டார். காலர் வைக்கும் இடம் எது என்று தேடினோம். வீடியோ கோப்புகள் பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடந்தன. பதினாறு பேரும் அந்த ஒரு தட்டு சுற்றுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எஸ்எஸ்டி மாட்டியதும் சரியாயிற்று.

இப்போதும் யாராவது வந்து எட்டுக் கோர் வேண்டும், 16 கோர் வேண்டும் என்று எண்ணைச் சொல்லித் தொடங்கினால், அதில் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் உட்கார்ந்து சொல்கிறார்கள். மற்றவர்கள், இவனுக்கு விற்கத் தெரியவில்லை என்று முடிவு செய்து, என் கடை வாசலிலேயே நின்றுகொண்டு போனில் ஆன்லைன் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.